மாப்பிள்ளை வரும் வழி

தமிழகக் கடற்கரையோர முஸ்லிம் ஊர்களில், பிழைப்புக்காகக் கடல் தாண்டியவரைச் சபராளி என்பார்கள். சபர் என்றால் பயணம். ஊருக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதும் அவர் சபராளிதான். ‘எப்ப வந்தீங்க’ என்ற விசாரிப்பு முடியுமுன்பே ‘எப்பப் பயணம்’ என்ற விசாரிப்பு வந்துவிடும். புதுச்சேரிக்கு வடக்கே முத்தியால்பேட்டையை ஒட்டிக் கிடக்கும் கோட்டக்குப்பம் சபராளிகளின் சம்பாத்தியத்தில் வளர்ந்த ஊர். சைகோன், சிங்கப்பூர், பாரிஸ், குவைத், துபாய் என்று ஆண்கள் போன திசை தலைமுறைக்குத் தலைமுறை மாறியது. நிக்காஹ் மட்டும் ஊரில்தான். பெண் இங்கே, ஜமாத் இங்கே, நிக்காஹைப் பதியும் தப்தர் இங்கே. மாப்பிள்ளைதான் வந்து சேர வேண்டும்.

வந்து சேர்வதில்தான் எல்லாம் இருந்தது. கப்பல், புயல், போர், சுங்கம், கொள்ளைநோய் என்று அந்த வழியை அடைத்தவற்றைக் கணக்கெடுத்தால் அதுவே இந்த ஊரின் வரலாற்றில் பாதி.

முதலில் ஊர் இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டத்தைச் சேர்ந்தது. 2021இல் நகராட்சி ஆனது. தெற்கே அடுத்தடுத்த வீடுகளாகத் தொடரும் முத்தியால்பேட்டை புதுச்சேரி. வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் சற்றுத் தூரம் போனால் வரும் காலாப்பட்டும் புதுச்சேரி. அதற்கும் வடக்கே மீண்டும் தமிழ்நாடு. மரக்காணம் பக்கமிருந்து இறங்கி வருகிறவர் கோட்டக்குப்பத்தை அடைவதற்குள் ஒரு முறை புதுச்சேரிக்குள் நுழைந்து வெளியேறியாக வேண்டும். இன்று அது பெயர்ப் பலகைகளால் மட்டும் தெரியும் சங்கதி. பிரெஞ்சுக்காரர் காலத்தில் அது இரண்டு சாம்ராஜ்யங்களின் எல்லை. ஒரு பக்கம் பிரெஞ்சு கவர்னர், மறு பக்கம் தென்னார்க்காடு கலெக்டர். சொந்தபந்தமோ இரண்டு பக்கமும்.

கப்பலில் வந்தவருக்கு எல்லைக்கு முன்பே கடல் ஒரு சோதனை வைத்தது. புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி, திறந்த கடலில் நங்கூரம் போடும். அங்கிருந்து கரைக்கு ஆளையும் சரக்கையும் கொண்டுவந்தவை சலங்குகள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் அடிக்கடி வரும் சொல் அது. சலங்கில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, தையலுக்கு இடையில் நாரை வைத்து அடைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு கரையலையில் தரை தட்டினால் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். பத்துப் பன்னிரண்டு பேர் துடுப்புப் போட, ஒருவர் ஓயாமல் தண்ணீர் இறைக்க, அலைவரிசைகளுக்கு முன்னே நிறுத்தி, சரியான அலைக்குக் காத்திருந்து, அதன் முதுகில் ஏறிக் கரைக்கு வருவார்கள். சைகோனிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் வந்தவரின் கல்யாணப் பெட்டி இந்தக் கடைசிச் சில நூறு கஜத்தில் உப்புத்தண்ணீர் குடிக்கும். கடல் கொந்தளித்தால் சலங்கே இறங்காது. வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் கப்பல் தெரியும். அதில் இருக்கும் ஆள் வர முடியாது.

1866இல் புதுச்சேரிக்கு இரும்புப் பாலம் வந்தது. கடலுக்குள் நீட்டிக் கட்டிய அந்தப் பாலத்தின் முனையில் படகை அணைத்து ஆளை ஏற்றிவிடலாம் என்பதால் கரையலையின் தொல்லை குறைந்தது. 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயிலும் ஓடத் தொடங்கியது. கடல் கோபித்துக்கொண்டால் வேறு துறைமுகத்தில் இறங்கி, விழுப்புரம் சந்திப்பில் வண்டி மாறி வரலாம் என்றானது. அந்த நாளில் இது பெரிய விடுதலை.

ஆனாலும் ஐப்பசியும் கார்த்திகையும் யாருக்கும் அடங்கவில்லை. வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் பாய்மரக் கப்பல் காலத்தில் சோழமண்டலக் கரையை விட்டே கப்பல்கள் ஓடிவிடும். 1746 அக்டோபரில் சென்னையைப் பிடித்த கையோடு அங்கேயே நின்ற பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனேயின் கப்பற்படை ஓர் இரவுப் புயலில் சிதறிப்போனது. இந்துக் குடும்பங்களுக்கு இந்தக் காலம் பழகிய கணக்கு. தமிழ் மாதம் சூரியனோடு நடப்பதால் முகூர்த்தமும் மழையும் ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் நிற்கும். முஸ்லிம் வீட்டுக் கணக்கு வேறு. ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பதினொரு நாள் குறைவு. ஒரு தலைமுறைக்குச் சித்திரை வெயிலில் வந்த ஷவ்வால் மாதம் இன்னொரு தலைமுறைக்கு ஐப்பசி மழையில் வரும். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வருடத்தில் ஒரு சுற்று. முஹர்ரத்திலும் ரமலானிலும் பொதுவாக நிக்காஹ் வைப்பதில்லை. பிறகு வரும் மாதங்கள் புயலோடு மோதும் வருடங்களும் உண்டு, மோதாத வருடங்களும் உண்டு. பிறையையும் பார்த்து, பருவத்தையும் பார்த்து, கப்பல் அட்டவணையையும் பார்த்து நாள் குறிக்க வேண்டியிருந்த பெரியவர்களின் பாட்டை இன்று நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது.

சைகோன் கதை 1859இல் பிரெஞ்சுப் படை அந்நகரைப் பிடித்ததிலிருந்து தொடங்குகிறது. 1862 உடன்படிக்கையில் கொச்சின்சீனாவின் மூன்று மாகாணங்கள் பிரான்சுக்குப் போயின. அந்த ஆட்சிக்குப் பிரெஞ்சு தெரிந்த எழுத்தர்களும் காவலர்களும் வரி வசூலிப்பவர்களும் தேவைப்பட, புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர்கள் போனார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே செட்டியார்கள் வட்டிக்கடை வைக்கவும் முஸ்லிம்கள் துணிக்கடை வைக்கவும் கப்பலேறினார்கள். சைகோன் நகரின் நடுவே 1935இல் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசல் டோங் டு தெருவில் இன்றும் தொழுகைக்குத் திறந்திருக்கிறது. அங்கே கல்லா கட்டியவர்கள் கல்யாணத்துக்கு இங்கே வந்தார்கள். வருடக்கணக்கில் சேர்த்த காசு, ஒரு பெட்டி பட்டு, ஒரு தந்தி. தந்தி முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார்.

1940இல் தந்தியும் நின்றது, ஆளும் நின்றார்.

அந்த வருடம் ஜூனில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் விழுந்தது. செப்டம்பரில் புதுச்சேரி கவர்னர் பொன்வேன், இந்தியாவின் பிரெஞ்சுப் பகுதிகள் ஜெர்மனியை எதிர்த்துப் போரைத் தொடர்ந்த ஜெனரல் தெ கோலின் பக்கம் நிற்கும் என்று அறிவித்தார். இந்தோசீனாவோ ஜெர்மனிக்கு இணங்கிப்போன விஷி அரசின் பக்கம் நின்றது. ஒரே கொடியின் கீழ் இருந்த மகனும் தகப்பனும் சில மாதங்களில் எதிரெதிர் முகாம்களுக்குப் போய்விட்டார்கள். 1941 ஜூலையில் ஜப்பானியப் படை தெற்கு இந்தோசீனாவுக்குள் இறங்கியது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. ஏப்ரலில் கொழும்பும் திருகோணமலையும் குண்டுக்கு இலக்காயின. வங்காள விரிகுடாவில் சரக்குக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. 1945 ஆகஸ்ட் வரை சைகோனுக்கும் சோழமண்டலக் கரைக்கும் நடுவே வழியே இல்லை. நிச்சயம் முடிந்து காத்திருந்த பெண்கள் அந்த ஐந்து வருடத்தில் பட்டது எந்த ஆவணத்திலும் ஏறவில்லை. அவர்களைப் பற்றி எழுதப்படாமல் போனது பெரிய இழப்பு. போரில் மாண்டவர்களுக்காவது பெயர்ப்பட்டியல் இருக்கிறது.

மாப்பிள்ளை வர முடியாவிட்டால் என்ன செய்வது என்பதற்கு மார்க்கச் சட்டத்தில் மிகப் பழைய விடை ஒன்று உண்டு: வகாலத், அதாவது தனக்குப் பதில் பிரதிநிதியை நியமிப்பது. நபிகள் நாயகம் மதீனாவில் இருக்க, அபிசீனியாவில் அடைக்கலம் புகுந்திருந்த உம்மு ஹபீபாவுடன் அவர்களுக்கு நடந்த நிக்காஹை அந்நாட்டு மன்னர் நஜ்ஜாஷியே முன்னின்று நடத்தி மஹர் என்ற மணக்கொடையையும் கொடுத்தார் என்பது முஸ்லிம் வீடுகளில் சிறுபிள்ளைக்கும் தெரிந்த வரலாறு. கடல் நடுவே கிடந்தாலும் நிக்காஹ் செல்லும் என்பதற்கு அதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டியதில்லை.

நடைமுறை இப்படி. மாப்பிள்ளை தனக்குப் பதிலாக ஒருவரை வக்கீலாக நியமித்து, எந்தப் பெண், எவ்வளவு மஹர் என்று தெளிவாகச் சொல்லி அனுப்புவார். மஜ்லிஸில் பெண்ணின் வலியும் (பொறுப்பாளர்) இரண்டு சாட்சிகளும் உட்கார, மாப்பிள்ளையின் இடத்தில் வக்கீல் உட்காருவார். தகப்பனாராகவோ அண்ணனாகவோ இருக்கலாம். இங்கே நிக்காஹ் நடத்தும் ஹஜ்ரத் மிகவும் கவனமாக இருப்பார். சாதாரண நிக்காஹில் மாப்பிள்ளை ‘கபூல் செய்தேன்’, அதாவது ஏற்றுக்கொண்டேன், என்றால் போதும். வக்கீல் அப்படி மொட்டையாகச் சொல்லக் கூடாது. ‘இன்னாருடைய மகன் இன்னாருக்காக இந்த நிக்காஹை நான் கபூல் செய்தேன்’ என்று பெயரோடு சொல்ல வேண்டும். பெயரை விட்டுவிட்டால் ஒப்பந்தம் மாப்பிள்ளையைச் சேராது. சொன்ன வாயையே சேர்ந்துவிடும். ஒரு சொல்லில் ஒரு பெண்ணின் வாழ்க்கை நிற்கிறது என்பதால், அந்த வாக்கியத்தை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்து, சபையில் சொல்ல வைத்து, அதன் பிறகே துஆ ஓதுவார்கள்.

இந்த ஏற்பாடு முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதல்ல. முதல் உலகப் போரில் போர்முனையில் கிடந்த சிப்பாய்கள் பிரதிநிதி வைத்து மணமுடிக்கலாம் என்று பிரான்ஸ் 1915 ஏப்ரலில் சட்டமே போட்டது. ஜாவாவிலும் சுமத்ராவிலும் வேலை பார்த்த டச்சுக்காரர்கள் ஹாலந்தில் இருந்த பெண்களை இப்படியே மணந்தார்கள். அதற்குக் கையுறைத் திருமணம் என்று பெயர். ஆளுக்குப் பதில் அவருடைய கையுறை என்பது ஐரோப்பியரின் பழைய வழக்கம். கடல் கடந்து பிழைக்கப் போன எல்லாச் சமூகங்களும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

ஆனால் வகாலத் நிக்காஹைத்தான் முடித்துவைக்கும், பிரிவை அல்ல. கருகமணி கட்டிய நாளிலிருந்து அந்தப் பெண் ஒருவருக்கு மனைவி. அந்த ஒருவர் வருவதற்கு இன்னும் கப்பல் வேண்டும்.

போர் முடிந்து கடல் திறந்ததும் நிலம் மூடிக்கொண்டது. பிரெஞ்சு எல்லையைத் தாண்டும் சரக்குக்கு வரி வாங்க ஆங்கிலேயர்கள் 1924இல் நிலச் சுங்கச் சட்டம் கொண்டுவந்திருந்தார்கள். 1941இல் இரு பக்கமும் சுங்க ஒன்றியத்துக்கு ஒத்துக்கொண்டதால் கெடுபிடி தளர்ந்தது. சுதந்திர இந்தியா 1949இல் அந்த ஒன்றியத்தை முடித்துக்கொண்டு, பிரெஞ்சுப் பகுதிகளைச் சுற்றிச் சுங்க வேலி போட்டது. புதுச்சேரி வழியாகத் தங்கமும் கடிகாரமும் வைரமும் கடத்தப்பட்ட காலம். எனவே சோதனை கடுமையாக இருந்தது. கடத்தல்காரரின் பெட்டியும் கல்யாணப் பெட்டியும் பார்வைக்கு ஒன்றுபோல்தான் இருக்கும்: நகை, பட்டு, வாசனைத் தைலம், புதுக் கடிகாரம். பாலத்தில் இறங்கியவர் நடந்தே ஒரு மணி நேரத்தில் வீடு சேர்ந்துவிடலாம். ஆனால் நடுவில் இருந்தது வெளிநாட்டு எல்லை. உள்ளூரில் பெண் கொடுத்து எடுத்தவர்களுக்கும் இதே கதி. முத்தியால்பேட்டை வீட்டிலிருந்து கோட்டக்குப்பத்து வீட்டுக்குப் போகும் சீர்வரிசை சட்டப்படி இறக்குமதி.

இந்த எல்லைக்கு இன்னொரு முகமும் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்ணை மணம் முடிப்பதைத் தடுத்த சாரதா சட்டம் 1930 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்ததும், சட்டத்துக்குத் தப்பிப் பிரெஞ்சு மண்ணுக்குள் போய்க் கல்யாணம் நடத்தினார்கள். வழி அடைபட வேண்டிய பயணம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். அது மட்டும் தடையில்லாமல் நடந்தது வேதனை. 

1952 புயலில் இரும்புப் பாலம் உடைந்தது. 1953 மேயில் பிரான்ஸ், இந்தோசீனாவின் பியாஸ்தர் நாணயத்தைப் பதினேழு பிராங்கிலிருந்து பத்து பிராங்காகக் குறைத்தது. சைகோன் கல்லாவில் கல்யாணத்துக்கென்று சேர்த்த பணத்தில் நூற்றுக்கு நாற்பது ஒரே அறிவிப்பில் கரைந்தது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. சுங்க வேலி போனது. சட்டப்படியான இணைப்புக்கு 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தாலும், சீர்வரிசைத் தட்டு அதற்குள் சுதந்திரமாக நடமாடத் தொடங்கிவிட்டது.

கப்பல் காலம் எண்பதுகள் வரை நீடித்தது. 1926இல் கட்டிய ‘ரஜூலா’ சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. அதே தடத்தில் பிறகு ஓடிய ‘சிதம்பரம்’ பிறந்தது பிரான்சில். மெசாஜெரி மாரித்தீம் கம்பெனியின் ‘பாஸ்தர்’ கப்பலைத்தான் இந்தியா 1972இல் வாங்கிப் பெயர் மாற்றியது. சைகோனுக்குத் தமிழர்களை ஏற்றிச் சென்ற அதே கம்பெனி. 1985 பிப்ரவரியில் சிதம்பரம் நடுக்கடலில் தீப்பற்றிப் பயணிகள் பலர் இறந்தார்கள். அதோடு அந்தத் தடத்தின் பயணக் கப்பல் முடிந்தது.

அதற்குள் ஊர் வளைகுடாவுக்குத் திரும்பியிருந்தது. விமானம் வந்ததும் பயணம் ஆறு மணி நேரமாகச் சுருங்கியது, தடைகள் காகிதத்துக்கு மாறின. இரண்டு வருடத்துக்கு ஒரு லீவு, அதுவும் முதலாளி கையெழுத்துப் போட்டால்; பாஸ்போர்ட் அவர் மேசையில். லீவு கிடைத்த பிறகே நாள் குறிப்பு. 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபோது அங்கே ஏறக்குறைய 1,70,000 இந்தியர்கள் இருந்தார்கள். வங்கி முடங்கி, சேமிப்பு போய், பாக்தாத் வழியாகப் பாலைவனத்தைத் தாண்டி ஜோர்டானின் அம்மானுக்குப் போய்ச் சேர்ந்தவர்களை ஏர் இந்தியா 59 நாளில் 488 தடவை பறந்து கொண்டுவந்தது. வந்தவர்கள் 1,11,000க்கும் அதிகம். கல்யாணத்துக்கு வாங்கிய நகையை விட்டு, உடுத்திய துணியோடு இறங்கிய பலரில் இந்தக் கரைக்காரர்களும் உண்டு.

அதே 1990இன் தொடக்கத்தில் ஜித்தாவில் கூடிய, மார்க்கச் சட்ட அறிஞர்களின் இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி, தந்தி, டெலக்ஸ் போன்ற கருவிகள் வழியாக வியாபார ஒப்பந்தம் செய்யலாம் என்று தீர்மானித்தது. நிக்காஹுக்கு மட்டும் விலக்கு. சாட்சிகள் நேரில் கேட்க வேண்டும். ஆக, தொழில்நுட்பம் எவ்வளவு வளர்ந்தாலும் வக்கீலின் இடம் காலியாகவில்லை. கொரோனா பரவிய 2020இல் அது தெரிந்தது. மார்ச் 22 முதல் வெளிநாட்டு விமானங்கள் நின்றன. வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துவந்த வந்தே பாரத் விமானங்கள் மே 7 அன்றுதான் தொடங்கின. வழக்கமான அட்டவணை திரும்ப 2022 மார்ச் 27 ஆனது. மாப்பிள்ளை கைபேசித் திரையில் பார்த்துக்கொண்டிருக்க, அவருடைய வக்கீல் கபூல் சொன்ன நிக்காஹ்கள் பல ஊர்களில் நடந்தன.

கோட்டக்குப்பத்தில் பழைய எல்லையும் எழுந்து வந்தது. புதுச்சேரி தன் எல்லைகளை மூடியபோது, பல வருடமாக யாரும் நினைத்துப் பார்க்காத கோட்டின் மேல் தடுப்புகள் முளைத்தன. துபாயிலிருந்து வர முடியாதவருக்கும் முத்தியால்பேட்டையிலிருந்து வர முடியாதவருக்கும் அந்த வாரங்களில் வித்தியாசம் இல்லை. ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற விதியில், எந்தப் பெரியம்மாவை அழைப்பது, எவரை விடுவது என்ற கணக்கு வேறு.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயலுக்காகச் சென்னை விமான நிலையம் நண்பகலில் மூடி மறுநாள் அதிகாலையில்தான் திறந்தது. அன்றிரவு புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல். திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் அதைவிடவும் அதிகம். விடிந்தால் டிசம்பர் 1, ஞாயிறு. எல்லோருக்கும் தோதான நாள் என்று கல்யாணங்கள் குறிக்கும் கிழமை. திங்களன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தொட, சென்னைக்கும் தெற்குக்கும் இடையே வண்டிகள் ரத்தாயின. அரசூரில் நெடுஞ்சாலைக்கு மேல் ஆறு ஓடியது. 1998 முதல் சென்னையிலிருந்து மூன்று மணி நேரத்தில் ஊரைச் சேர்க்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் மரங்களோடு கிடந்தது. கடல், ரயில், சாலை, விமானம் என்று நூற்றைம்பது வருடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்த எல்லா வழிகளும் அந்த இரண்டு மூன்று நாளில் ஒன்றாக அடைபட்டன.

கடல் உள்வாங்கும் நேரத்தில், புதுச்சேரி காந்தி சிலைக்கு எதிரே அந்தப் பழைய பாலத்தின் இரும்புத் தூண்கள் வரிசையாகத் தலைநீட்டும். சைகோன் மாப்பிள்ளைகள் இறங்கிய இடம் அது. அங்கிருந்து வடக்கே திரும்பி நடந்தால் கோட்டக்குப்பம் நாலு கிலோமீட்டர்.